எண்ணெய் இல்லாத சம்பல்

டிசம்பர் 16, திங்கள்

சமையல்காரர் ஓடிப்போய்விட்டார். 'ஓடிப்போய்விட்டார்' என்பது மாலினி மேடத்தின் சொல். அவர் ஒரு மாதமாக லீவு கேட்டார், கிடைக்கவில்லை, போய்விட்டார். எனக்குத் தெரிந்து இதற்குப் பெயர் ஓட்டம் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள்தான். ஏழு அறைகளும் ஜனவரி முதல் வாரம் வரை நிரம்பிவிட்டன. எங்கள் ஹோம்ஸ்டேயின் இணையப் பக்கத்தில் முதல் வரி: 'கோத்தகிரிக் குளிருக்கு இதமாக, வீட்டுச் சாப்பாடு.' எழுதியவள் நான். ரிசப்ஷன், புக்கிங், போட்டோ, வீடியோ, எல்லாம் நான்தான். சமையல் மட்டும் தெரியாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

"உங்க ஊர்ப் பக்கம் சமைக்கறவங்க யாராச்சும் இருக்காங்களா சுகு? சுத்தமா இருக்கணும்" என்றார் மேடம்.

"தெரிஞ்சவங்க ஒருத்தர் இருக்காங்க மேடம்" என்றேன்.

டிசம்பர் 18, புதன்

புதுச் சமையல்காரர் வந்துவிட்டார். பெயர் லீலாவதி. ஐம்பது வயது. தேயிலை பறித்தவர், முட்டி தேய்ந்த பிறகு தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் நாற்பது குழந்தைகளுக்குச் சமைத்தவர். ஒரு ஸ்வெட்டர், ஒரு பை, ஒரு அம்மிக் குழவி. குழவி எதற்கு என்று மேடம் கேட்டதற்கு, "உங்க வீட்டு அம்மிக்கு என் கை பழகணும்ல, குழவியாச்சும் பழக்கமானதா இருக்கட்டும்" என்றார். மேடம் சிரித்துவிட்டார்.

பிறகு மேடம் அவரை அடுப்படிக்குள் அழைத்துப்போய் தட்டு ரேக்கைக் காட்டினார். வேலைக்காரர்களுக்கு மூன்று எவர்சில்வர் தட்டு, மூன்று டம்ளர். விளிம்பில் நகப் பாலிஷால் சிவப்புப் புள்ளி. "தப்பா எடுத்துக்காதீங்க, மாறிடக் கூடாது பாருங்க, அதுக்குத்தான்."

நான் சாப்பாட்டு மேசையில் மேடத்தோடு பீங்கான் தட்டில் சாப்பிடுகிறேன். சேர்ந்த முதல் நாளே "நீ என் பொண்ணு மாதிரி" என்று உட்கார வைத்தார். இன்று மதியம் எனக்கு ரசம் ஊற்றியது லீலாவதி அக்கா.

டிசம்பர் 19, வியாழன்

அறை மூன்றில் வெந்நீர் வரவில்லை. பிளம்பர் வரவில்லை. நானும் ஒழுங்காகத் தூங்கவில்லை.

டிசம்பர் 21, சனி

இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. அப்படியிருந்தும் மூன்று நாளாக 'லீலாவதி அக்கா' என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு தூரம் பழகிப்போயிருக்கிறேன் பார்.

அவர் என் அம்மா.

எப்படி ஆயிற்று என்று எழுதிவிடுகிறேன். இங்கே வேலை கேட்டு வந்த அன்று மேடம் கேட்டார்: "அப்பா என்ன பண்றாரு?" "ஸ்கூல்ல இருந்தாங்க. தவறிட்டாங்க." "ஓ, டீச்சரா! அதான் உன் பேச்சுல தெரியுது." நான் இல்லை என்று சொல்லவில்லை. அப்பா பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். அவ்வளவுதான் நான் செய்தது, வாயை மூடியது. வாயை மூடியதற்குப் பீங்கான் தட்டு கிடைத்தது.

சமையலுக்கு ஆள் வேண்டும் என்பதோடு இதையும் போனில் அம்மாவிடம் சொன்னபோது, "சரி விடு. பதினஞ்சு நாளுதானே. நான் தெரிஞ்சவங்களாவே வர்றேன். நீ என்னைய என்னான்னு கூப்புடுவ?" என்றாள்.

"அக்கா."

"அட, வயசு கொறஞ்சு போச்சே எனக்கு."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

டிசம்பர் 22, ஞாயிறு

அம்மா என்னை எல்லார் முன்னாலும் 'மேடம்' என்கிறாள். மாலினி மேடம் பெரிய மேடம், நான் சின்ன மேடம். "சின்ன மேடத்துக்குக் காப்பில சீனி தூக்கலா போடணுமுங்களா?" என்று கேட்கும்போது முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. நான் ஓடிப்போய் ஸ்டோர் ரூமில் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. அதை எழுதத் தேவையில்லை.

அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். வெங்காயம் எடுக்க ஸ்டோருக்கு வந்தபோது, குரலைத் தாழ்த்தி: "புள்ள, ஒரு நாளாச்சும் என் பக்கத்துல வந்து ஒக்காந்து சூடா ஒரு ரொட்டி தின்னு. அடுப்படியிலதான். ஒன்னே ஒன்னு."

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு வர்றேன். அன்னிக்கு எல்லாரும் சர்ச்சுக்குப் போயிருவாங்க" என்றேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

இன்று நடந்ததற்கு நான்தான் காரணம்.

அம்மா காலையில் தனக்காக ரொட்டி சுட்டிருக்கிறாள். எங்கள் வீட்டு ரொட்டி: கோதுமை மாவு, தேங்காய்த் துருவல், உப்பு. உருட்டக் கட்டை கிடையாது. உள்ளங்கையால் தட்டித் தடிமனாகக் கல்லில் போடுவது. தொட்டுக்கொள்ளக் கட்டச் சம்பல்: காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் உப்பும் அம்மியில் நசுக்கி எலுமிச்சை பிழிந்தது. ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. கூடவே பால் இல்லாத தேநீர். எங்கள் வீட்டில் சாயத்தண்ணி என்போம். இலங்கையில் தோட்டத்தில் இருந்தபோது இதுதான் சாப்பாடு. அம்மா ஆறு வயதில் கப்பலில் இங்கே வந்தவள். எங்களைச் சிலோன்காரர்கள் என்பார்கள் இங்கே. அங்கே இந்தியாக்காரர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். ஊர் மாறியது, தேயிலை மாறவில்லை, ரொட்டியும் மாறவில்லை.

சுட்ட வாசனை மாடி வரை போயிருக்கிறது. மேடம் வந்து ஒரு துண்டு பிய்த்துத் தின்றார். கண்ணை மூடினார். "சுகு! இதான். இந்தக் குளிருக்கு இதான் வேணும். மெனுவுல போடு."

"என்ன பேர் போட மேடம்?"

"ஏதாச்சும் நல்லா எழுது. நம்ம குடும்பத்துது மாதிரி இருக்கணும். வீட்டுச் சாப்பாடுன்னு தேடித்தானே வர்றாங்க."

நான் நன்றாக எழுதினேன். சாப்பாட்டு அறைக் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸில்: 'மாலினி இல்லத்து மலை ரொட்டி. மூன்று தலைமுறைக் கைப்பக்குவம்.' சுற்றிலும் பூ வரைந்தேன். போட்டோ எடுத்துப் போட்டேன். ஆயிரத்து நானூறு பேருக்குப் பிடித்திருக்கிறது.

அம்மா பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "கையெழுத்து அழகா இருக்குங்க சின்ன மேடம்" என்றாள்.

டிசம்பர் 25, புதன்

யாரும் சர்ச்சுக்குப் போகவில்லை. தூறல். எல்லாரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேசையில் உட்கார்ந்து ரொட்டி கேட்டார்கள். முப்பத்தாறு ரொட்டி. மேடம் அதை முக்கோணமாக வெட்டி, மேலே புதினா வைத்துப் பரிமாறினார். எங்கள் வீட்டில் ரொட்டியைக் கத்தியால் தொட்டால் அம்மா கையில் அடிப்பாள்.

இரண்டு மணிக்கு அடுப்படி வாசல் வரை போனேன். அம்மா கீழே மணைப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே இன்னொரு பலகை போட்டு வைத்திருந்தாள். அதற்குள் மேடம், "சுகு, உனக்கு இங்க தட்டு வச்சிட்டேன், வா" என்று கூப்பிட்டார்.

போனேன்.

டிசம்பர் 27, வெள்ளி

அம்மாவுக்கு இருமல். அவள் படுப்பது கேஸ் சிலிண்டர் வைக்கும் அறைக்குப் பக்கத்தில். என் அறையில் ஹீட்டர் இருக்கிறது. என் கம்பளியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "யாராச்சும் கேட்டா?" என்றாள். "தெரிஞ்சவங்களுக்குக் கம்பளி குடுக்கக் கூடாதா?" என்றேன். "குடுக்கலாங்க, தாராளமா குடுக்கலாங்க" என்றாள்.

தட்டைப் பற்றிக் கேட்டேன். எத்தனை நாளாகக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். அம்மா சிரித்தாள். "எனக்குத்தான் உங்கப்பன் போனதோட பொட்டு போச்சு. இவங்க தட்டுக்கு வச்சு விட்டிருக்காங்க. உன் தட்டப் பாரு, மொட்டையா இருக்கு."

இப்படிப்பட்ட ஆளிடம் என்ன பேசுவது?

அவள் கட்டைவிரல் நகத்தடியில் சிவப்பாக ஏதோ இருந்தது. என்ன என்றேன். மிளகாய் என்றாள்.

டிசம்பர் 29, ஞாயிறு

மேடத்துக்குப் புது யோசனை. முப்பத்தொன்றாம் தேதி காலை விருந்தாளிகளுக்குச் 'சமையல் வகுப்பு'. மேடம் ரொட்டி சுட்டுக் காட்டுவார். அடுப்படிக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே சுவரில் ஒரு ஜன்னல் உண்டு, பாத்திரம் நீட்டுவதற்கு. அம்மா அந்தப் பக்கம் நின்று பிசைந்த மாவையும் அரைத்த சம்பலையும் நீட்டுவாள். நான் இந்தப் பக்கம் நின்று வாங்கிக் கொடுப்பேன்.

இன்று ஒத்திகை. மேடம் தட்டிய ரொட்டி நடுவில் கிழிந்தது. அம்மா, "நீங்க தட்டறப்ப பயப்படறீங்க பெரிய மேடம், அதுக்கு அது தெரிஞ்சிருது" என்றாள். மேடம் மறுபடி தட்டினார். நான்காவது ரொட்டி நன்றாக வந்தது. இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். மாலினி மேடம் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபம்.

டிசம்பர் 31, செவ்வாய்

பதினோரு மணிக்கு வகுப்பு. பதினான்கு பேர். வெளியே பத்தடிக்கு மேல் தெரியாத பனிமூட்டம். உள்ளே அடுப்புச் சூடு. நான் வீடியோ எடுத்துக்கொண்டே ஜன்னலில் வந்ததை எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது.

முன்வரிசையில் சென்னையிலிருந்து வந்த பத்மஜா என்ற டாக்டர் அம்மா. நான்கு நாளாக ரொட்டி தவிர வேறு எதுவும் தின்னவில்லை. அவர் கேட்டார்: "சம்பல்ல ஏன் ஒரு சொட்டுகூட எண்ணெய் இல்ல? தாளிக்கவும் இல்ல?"

"உடம்புக்கு நல்லதுன்னுதான்" என்றார் மேடம். "அந்தக் காலத்துல எங்க குடும்பத்துல எல்லாத்தையும் யோசிச்சுத்தான் செஞ்சிருக்காங்க."

ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. பிள்ளைக் காப்பகத்தில் குழந்தைகளுக்குப் பதில் சொல்கிற அதே குரல்: "எண்ணெய் இல்லைங்கம்மா, அதான். மாவு மட்டுந்தான் அளந்து குடுப்பாங்க. எண்ணெய்க்கு எங்க போறது?"

யாரோ சிரித்தார்கள். மேடத்தின் கை மாவில் அப்படியே நின்றது. டாக்டர் அம்மா எழுந்து ஜன்னல் பக்கம் குனிந்து, "யாரும்மா அது? இப்படி வாங்க" என்றார்.

அம்மா வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வாசலைத் தாண்டாமல் நின்றாள். டாக்டர் அம்மா அவளைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். "அட, ரெண்டு பேருக்கும் அதே நெத்தி, அதே தாடை! உங்களுக்குச் சொந்தமா?"

பதினான்கு பேரும் மேடமும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் போன் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னது வீடியோவில் இருக்கிறது. சாயங்காலம் வரை அதை ஏழு முறை கேட்டேன். தடுமாற்றமே இல்லை. நல்ல, தெளிவான, ரிசப்ஷன் குரல்.

"இல்ல மேடம். எங்க ஏரியாக்காரங்க. தெரிஞ்சவங்க."

அம்மா உடனே சொன்னாள், "மலையில இருக்கறவங்க எல்லாரும் ஒரே மாதிரிதாங்க இருப்போம். குளிருல மொகம் சுருங்கிப் போயிரும்ல."

எல்லாரும் சிரித்தார்கள். என்னைக் காப்பாற்றிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். நான் வீடியோவில் அந்த இடத்தை வெட்டிவிட்டு மீதியைப் பதிவேற்றினேன்.

அரசாங்கத்தைத் திட்டி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன் இந்த நோட்டில். எங்களைத் திருப்பி அனுப்ப ஒப்பந்தம் போட்டவர்கள், கப்பலில் ஏற்றியவர்கள், சாதிச் சான்றிதழுக்கு அலையவிட்டவர்கள். எல்லாரும் சேர்ந்து அம்மாவிடமிருந்து ஊரைத்தான் எடுத்தார்கள். மகளை எடுத்தது நான்.

ஜனவரி 1, புதன்

அம்மா கேசரி செய்தாள். எல்லாரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டார்கள். நான் அம்மாவுக்குச் சொல்ல அடுப்படிக்குப் போனேன். பாத்திரம் கழுவுபவர் இருந்தார். "ஹாப்பி நியூ இயர் அக்கா" என்றேன். "ஒங்களுக்கும் மேடம்" என்றாள். இன்று முகத்தில் அந்த விளையாட்டு இல்லை. இருமல் மட்டும் இருந்தது.

ஜனவரி 2, வியாழன்

பழைய சமையல்காரர் திரும்பி வருகிறாராம், ஆறாம் தேதி. அம்மா காலை பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். அந்த நேரத்தில் நான் அறை ஐந்துக்கு பில் போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பையும் குழவியுமாக ஒரு நிமிடம் நின்றாள். நான் எழுந்திருக்கவில்லை. விருந்தாளி ஹீட்டருக்குத் தனிக் கட்டணம் ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தபோது பனிதான் இருந்தது.

ரிசப்ஷன் மேசை ஓரத்தில் வாழையிலையும் செய்தித்தாளும் சுற்றிய ஒரு பொட்டலம். நான்கு ரொட்டி, ஓரத்தில் சம்பல். இன்னும் சூடு இருந்தது.

பொட்டலத்தைப் பிரித்த நேரம் மேடம் வந்தார். "அப்பாடா, ரொட்டி இருக்கா! டாக்டர் அம்மா கிளம்பறாங்க, கடைசியா ஒன்னு தின்னுட்டு மீதிய வழிக்குக் கொண்டு போறாங்களாம். குடு."

இது எனக்கு வைத்தது என்று சொல்ல மூன்று சொல் போதும். சொன்னால் ஏன் உனக்கு என்று கேள்வி வரும். நான்கையும் கொடுத்தேன். நானே கல்லில் சூடாக்கிக் கொடுத்தேன். கத்தியும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

டாக்டர் அம்மா வண்டியில் ஏறும்போது என் கையைப் பிடித்து, "அந்த அம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லிடு" என்றார். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். அவருக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

ஜனவரி 3, வெள்ளி

அம்மா போன் எடுக்கவில்லை. மூன்று முறை.

ஜனவரி 4, சனி

பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம். வீடியோ பார்த்து வந்தவர்கள். ரொட்டி வேண்டும் என்றார்கள். மேடம் இரண்டு முறை முயன்றார், இரண்டும் கிழிந்தன. "சுகு, நீ பதினஞ்சு நாளா பாத்திருக்கியே, தட்டிப் பாரேன்."

தேங்காய் துருவினேன். மாவில் உப்பு போட்டேன். கையை நனைத்தேன். பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை, கை செய்தது. எனக்கு ஏழு வயதில், அம்மா கொழுந்து பறிக்கப் போன பிறகு அடுப்பில் நான் தட்டியது இதைத்தான். முதல் ரொட்டியே வட்டமாக வந்தது. ஓரத்தில் விரல் தடம்கூட அம்மாவுடையது மாதிரி இருந்தது.

மேடம் தின்று பார்த்தார். "அப்படியே இருக்கு! சமைக்கவே தெரியாதுன்ன? யார்கிட்ட கத்துக்கிட்ட?"

"அம்மாகிட்ட."

"டீச்சர் வீட்டுல எல்லாம் இது செய்வாங்களா?"

"அப்பா டீச்சர் இல்ல மேடம். ஸ்கூல் வாட்ச்மேன். அம்மா இங்கதான் இருந்தாங்க. லீலாவதி. அவங்கதான் எங்கம்மா."

மேடம் முதலில் சிரித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். "ஏன் என்கிட்ட சொல்லல? சொல்லியிருந்தா அவங்கள நான் வேற மாதிரி நடத்தியிருப்பேன்ல?"

அப்படியென்றால் நடத்தியது எந்த மாதிரி என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அதே மாதிரிதானே நானும் நடத்தினேன்.

சாயங்காலம் அம்மா போன் எடுத்தாள். சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

"கூறு கெட்டவளே" என்றாள். "இப்ப எதுக்குச் சொன்ன? அங்க நான் நின்னப்ப சொல்லல. நான் வந்து சேந்த பொறவு சொல்லி யாருக்கு என்னா வந்துச்சு? ரெண்டு வாரம் நான் வாயப் பொத்திக்கிட்டு மேடம் மேடம்னு கெடந்தது எதுக்கு? ஒன் வேல நெலைக்கட்டும்னுதானே?"

"என்னால முடியல அம்மா."

"ஒனக்கு முடியல. சரி." இருமினாள். "தின்னியா நான் வச்சிட்டு வந்தத?"

"ம்."

அதுவும் பொய்.

ஜனவரி 5, ஞாயிறு

காலையில் மேசையில் என் தட்டு இல்லை.

மேடம் என்னைப் பார்க்காமல் டீப்பாயில் பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். குரல் எப்போதும் போல இதமாகத்தான் இருந்தது. "கெஸ்ட் ஜாஸ்தி இருக்காங்க சுகு. நீ இனிமே கிச்சன்லயே சாப்பிட்டுக்கோயேன். அப்படியே சமையலையும் பாத்துக்கோ. அந்தாள வர வேணாம்னு சொல்லிட்டேன். உனக்குத்தான் கை வருதே."

சரி மேடம் என்றேன்.

இருபத்திரண்டு ரொட்டி சுட்டு ஜன்னல் வழியாக நீட்டினேன். இருபத்துமூன்றாவது எனக்கு. ரேக்கில் மூன்று தட்டும் கவிழ்ந்திருந்தன. எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். இரண்டில் புள்ளி முழுசாக இருந்தது. ஒன்றில் பாதிதான் இருந்தது. மீதி இடமெல்லாம் நகத்தால் சுரண்டிய கோடுகள், சிறியவை, நிறைய. ஒரே நாளில் போட்டவை இல்லை. மிளகாய் என்றாளே.

அம்மா போட்ட பலகை இன்னும் அங்கேயே கிடந்தது, எதிரே இன்னொன்றும். அந்தத் தட்டில் ரொட்டியை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். சம்பல் காரம் கண்ணில் ஏறியது. ரொட்டி சூடாக இருந்தது.